நீல முக்காடு

எங்கள் வீட்டு முற்றத்தில் கம்பளி அடிக்கும் சத்தம் கேட்டால், உள்ளே ஸைனப் நாயகிக்காகப் பெண்கள் அழுகிறார்கள் என்று தெருவுக்குத் தெரியும். தெருவுக்கு மட்டும்தான் தெரியும், கட்சி அலுவலகத்துக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

ஈரானோடு போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. கர்பலாவுக்கு அரை நாள் நடையில், ஆற்றங்கரைப் பேரீச்சந்தோப்புகளுக்கு நடுவே எங்கள் ஊர். துக்க மாதங்களான முஹர்ரமும் சஃபரும் வந்தால், கர்பலாவில் கொல்லப்பட்ட நபியின் பேரர் ஹுஸைன் நாயகத்துக்காகவும் அவர் தங்கை ஸைனப் நாயகிக்காகவும் அழப் பெண்கள் ஏதாவது ஒரு வீட்டில் கூடுவது தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம். துக்கக் கதையை ஓதும் முல்லாயா வந்து ஓதுவார். நாங்கள் மார்பில் அறைந்து அழுவோம். அழுது முடித்து, பட்டை போட்ட இனிப்புத் தேநீர் குடித்துவிட்டுப் போவோம். அதைத்தான் அரசாங்கம் தடுத்துவிட்டது. மேலத்தெருவில் ஒரு வீட்டில் இப்படிக் கூடி அழும் மஜ்லிஸ் நடந்தது தெரிந்து, அந்த வீட்டுக்காரரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவே இல்லை. பெண்கள் அழுதால் ஆண்களைப் பிடிப்பது என்பது அவர்கள் வகுத்திருந்த வழி.

ஆகவே என் வீட்டில் மஜ்லிஸ் என்றால், ஆபத்து என் கணவர் ஹாதிஃபுக்கு. அவர் தோப்புகளுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார்.

"அழுங்க, வேணாங்கல" என்று ஒருமுறை சொன்னார். "நாயகிக்காக அழுறதுக்கு நான் குறுக்கே நிக்கமாட்டேன். கொஞ்சம் மெதுவா அழுங்க."

மெதுவாக அழுவது எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வராது. அதனால்தான் கம்பளி. முற்றத்தில் பாயை விரித்து ஆட்டுக் கம்பளியைக் குவித்துவிடுவோம். உள்ளே மார்பில் அறையும்போது வெளியே இரண்டு பேர் குச்சியால் கம்பளியை அடிப்பார்கள். இரண்டு சத்தமும் ஒன்றாகிவிடும். யாராவது கேட்டால், கல்யாண மெத்தை தைக்கிறோம் என்று சொல்ல வேண்டியது.

கம்பளி அடிப்பதில் முதல் கை ஸப்ரிய்யா. பக்கத்து வீட்டுக்காரி. குச்சியைவிட நாக்கு வேகம்.

"இந்தத் தெருவுல பொண்ணுங்களைவிட மெத்தைதான் ஜாஸ்தி நஈமா" என்பாள் என்னிடம். "எனக்கு ஒண்ணு கொடுத்துடு. கிழவனைத் தரையில படுக்கவச்சுட்டு நானாவது சுகமாத் தூங்குறேன்."

அந்த வருட முஹர்ரத்தின் கடைசியில், ஒரு புதன்கிழமை மதியம், முல்லாயா நஜீபா ஓதத் தொடங்கும் நேரத்தில் வாசல் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். நின்றுகொண்டிருந்தது ஃபிராஸின் உம்மா.

அவர் பெயர் இப்திஸாம். மூத்த மகனின் பெயரைச் சொல்லித் தாயை அழைப்பது எங்கள் வழக்கமென்பதால் எல்லாருக்கும் அவர் ஃபிராஸ் உம்மாதான். கணவர் மிஸ்ஹர், எங்கள் ஊர்க் கட்சிக்காரர். ஊரில் யார் எங்கே கூடினாலும் மேலே சொல்ல வேண்டியது அவர் வேலை.

"உள்ள வரலாமா, நஈமா?" என்று கேட்டார்.

 முற்றத்தில் ஸப்ரிய்யாவின் குச்சி நின்றுவிட்டது. ஃபிராஸ் உம்மாவின் கறுப்பு அபாயாவுக்கு உள்ளே தலையில் கட்டியிருந்த முக்காடு நீலம். ஓரத்தில் வெள்ளைப் பூ வேலை. முஹர்ரத்தில், ஹுஸைன் நாயகத்தின் துக்கத்தில், எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்குக்கூட நிறத்துணி போடமாட்டோம்.

"கொஞ்சம் இருங்கக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

அறையில் இருந்தவர்களுக்கு விஷயம் என்னைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. சிலர் செருப்பைத் தேடினார்கள்.

"உளவு பார்க்க வந்திருக்கா" என்றாள் பின்னாலேயே வந்த ஸப்ரிய்யா. "தலையைப் பார்த்தீங்களா? நம்ம துக்கத்துக்கு நீலம் கட்டிக்கிட்டு வந்திருக்கா மகாராணி. உள்ள விட்டா நாளைக்கு ஜீப்பு வரும்."

எல்லாரும் முல்லாயாவைப் பார்த்தார்கள். நஜீபா நடு வயதுக்காரர், ஒல்லி உடம்பு. ஓதும்போது மட்டும் அந்த உடம்பிலிருந்து எங்கிருந்து அந்தக் குரல் வருகிறது என்று தோன்றும். மடியில் கைகளைக் கோத்துக்கொண்டார்.

"வீடு நஈமாவோடது. பிடிச்சா அவ புருஷனைத்தான் பிடிப்பாங்க. அவதான் சொல்லணும்" என்றார். பிறகு மெதுவாக, "ஆனா ஒண்ணு. இந்தக் கூட்டத்தைக் கூட்டினது நாம இல்ல. நாயகி பேரைச் சொல்லிக் கூடினது. அந்தப் பேரைக் கேட்டு வந்தவளை வாசல்ல நிறுத்துறது எனக்கு மனசுக்கு வரல" என்றார்.

நான் ஒன்றும் தைரியசாலி இல்லை. ஹாதிஃபின் முகம் கண்முன் வந்தது. ஆனால் வாசலில் ஒரு பெண் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். அது மட்டும்தான் அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது. போய்க் கதவை முழுதாகத் திறந்தேன்.

அவர் உள்ளே வந்ததும் சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் அபாயாவை இழுத்துச் சுற்றிக்கொண்டார்கள். யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. நான் என் திண்டைக் காட்டி, "இங்க உட்காருங்கக்கா" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

முல்லாயா அன்று ஓத எடுத்தது கூஃபா நகரத்து நுழைவாயில். கர்பலாவில் எல்லாம் முடிந்தபிறகு, தமையன் ஹுஸைன் நாயகத்தின் தலையை ஈட்டியில் முன்னே கொண்டுபோக, கைதிகளாக்கப்பட்ட பெண்களையும் பிள்ளைகளையும் ஸைனப் நாயகி தனி ஒருவராகத் தாங்கிக்கொண்டு வந்து சேர்ந்த இடம். ஆளுநரின் சபையில், நோயில் கிடந்த தமையன் மகனை வெட்ட உத்தரவானபோது, அவரைக் கட்டிக்கொண்டு, வெட்டுவதானால் என்னையும் சேர்த்து வெட்டு என்று நின்றவர் நாயகி. வழியெல்லாம் தம் பங்கு ரொட்டியைப் பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்துவிட்டு, நிற்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்தே தொழுதவரும் அவர்தான். முல்லாயா சபையைச் சொல்லும்போது குரல் உயரும். ரொட்டியைச் சொல்லும்போது தாழ்ந்துவிடும். தாழும்போதுதான் நாங்கள் அதிகம் அழுவோம்.

அன்று அவர் இன்னொருத்தியையும் சொன்னார். கூஃபா நகரமே மாடியில் நின்று கைதிகளை வேடிக்கை பார்த்தபோது, ஒருத்தி மட்டும் குனிந்து, நீங்கள் எந்தக் குடும்பத்துக் கைதிகள் என்று கேட்டாளாம். நபியின் குடும்பம் என்று பதில் வந்ததும் உள்ளே ஓடி, வீட்டிலிருந்த துணிகளையும் முக்காடுகளையும் வாரிக்கொண்டு தெருவுக்கு இறங்கி வந்தாளாம்.

"அவ பேரு நமக்குத் தெரியாது" என்றார் முல்லாயா, ஓதும் குரலை விட்டுப் பேசும் குரலில். "வாளெடுத்தவன் பேரெல்லாம் தெரியும். முக்காடு கொடுத்தவ பேரு தெரியாது. அல்லாஹ்வுக்குத் தெரியும், நாயகிக்குத் தெரியும். அது போதும்."

அறை முழுக்க அழுகை. ஃபிராஸ் உம்மா மட்டும் அழவில்லை. நீல முக்காட்டின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு, கல்லைப் போல உட்கார்ந்திருந்தார். தேநீருக்கும் நிற்காமல் போய்விட்டார்.

"பார்த்தியா, கண்ணுல ஒரு சொட்டு வரல" என்றாள் ஸப்ரிய்யா. "ஆளைக் கணக்கெடுத்துட்டுப் போறா."

அந்த இரவும் மறுநாளும் ஜீப் வரவில்லை. எனக்கு மனசு அடங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை, அவர் கணவர் அலுவலகம் போன நேரம் பார்த்து, ஒரு தட்டில் பேரீச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு போனேன். பின்கட்டில் தந்தூர் அடுப்பில் ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். வீட்டிலும் அதே நீல முக்காடுதான்.

"வா" என்றார், திரும்பாமலே. "என்ன, அடுத்த தடவை வராதீங்கன்னு சொல்ல வந்தியா?"

"இல்லக்கா."

"எல்லாரும் என் தலையைத்தான் பார்த்தாங்க. எனக்குத் தெரியாதா?" மாவை இரண்டு கைகளிலும் மாற்றி மாற்றித் தட்டினார். "இது ஃபிராஸ் வாங்கிட்டு வந்தது. பட்டாளத்துலேருந்து முதல் லீவுல வந்தப்போ, பஸ்ராவுல. கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்மா, கட்டிக்கன்னான்."

ஃபிராஸ் போர்முனையில் காணாமற்போனவன் என்று ஊருக்குத் தெரியும். இறந்தான் என்றும் சொல்லவில்லை, பிடிபட்டான் என்றும் சொல்லவில்லை. காணவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

"கறுப்பு கட்டுன அன்னிக்கு அவன் செத்துடுவான், நஈமா. அதுவரைக்கும் எங்கேயோ ஒரு இடத்துல உக்காந்து ரொட்டி தின்னுக்கிட்டு இருக்கான். ஹுஸைன் நாயகத்துக்காகக் கட்டுறதுதான்னு எனக்கும் தெரியும். ஆனா கறுப்பைக் கையில எடுத்தா கை நடுங்குது. எம் மவனை நானே மண்ணுல போடுற மாதிரி இருக்கு. நாயகி என்னைக் கோவிச்சுக்குவாங்களா?"

 தட்டைக் கீழே வைத்தேன்.

"உங்க வீட்டுக்காரர்?"

"அவர் பேசறதில்ல. காணாமப் போனவன் எதிரிகிட்டக் கையைத் தூக்கியிருப்பான்னு ஆபீஸ்ல எவனோ சொல்லிட்டானாம். அன்னிலேருந்து இந்த வீட்டுல அவன் பேரே கிடையாது. நான் சேர்ந்தாப்போல ரெண்டு தடவை மூக்கை உறிஞ்சினா எழுந்து வெளியே போயிடுவார். கட்சிக்காரன் வீட்டுல அழக்கூடாது." தந்தூருக்குள் கையை விட்டு ரொட்டியைப் பிய்த்தெடுத்தார். "நாயகி சபையில, அத்தனை ஆம்பளைங்க முன்னால நின்னு பேசுனாங்க. எனக்கு அது வேணாம். உங்க அறையில ஒரு மூலை போதும். அன்னிக்கு அங்கேயும் அழ வரல. பழக்கம் விட்டுப் போச்சு போல."

எழுந்து வரும்போது சூடான ரொட்டி ஒன்றை என் கையில் வைத்தார். "புதன்கிழமை வாங்கக்கா" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அவர் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஸப்ரிய்யாவிடம், "அந்த நீலத்துக்கு ஒரு காரணம் இருக்கு. அவங்க சொல்லட்டும், இல்லாட்டி விடட்டும். நீ வாயை மூடு" என்று மட்டும் சொன்னேன். அவள் குச்சியை ஓங்கிக் கம்பளியில் அடித்தாள். அதுதான் அவள் பதில்.

அதன்பிறகு ஒவ்வொரு புதனும் ஃபிராஸ் உம்மா வந்தார். என் திண்டு அவர் இடமாகிவிட்டது. பேச்சு கொடுக்க யாரும் இல்லை, எழுந்துபோகச் சொல்லவும் இல்லை. முஹர்ரம் முடிந்து சஃபர் பிறந்தது. ஹுஸைன் நாயகத்தின் நாற்பதாம் நாள் நெருங்கியது. தோப்புகளுக்குள் மறைந்து மறைந்து, அவர் அடக்கத்தலம் இருக்கும் கர்பலாவுக்கு நடப்பவர்கள் சிலர் பிடிபட்டதாகக் கேள்விப்பட்டோம். இந்த வாரம் விட்டுவிடலாமா என்று முல்லாயாவிடம் கேட்டேன். நாற்பதாம் நாள் ஓதாமல் எப்போது ஓதுவது என்றார்.

அந்தப் புதன் மதியம், முல்லாயா பாதி ஓதியிருப்பார். தெருமுனையில் வண்டிச் சத்தம். முற்றத்தில் குச்சிகள் ஒருகணம் நின்று, மறுபடி வேகமாக அடிக்கத் தொடங்கின. உள்ளே குரல் அடங்கியது. கதவு தட்டப்பட்டது.

அபாயாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவை ஒருக்களித்தேன். சீருடையில் மாவட்ட அதிகாரி ஒருவர், வேற்று ஊர்க்காரர். அவருக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு மிஸ்ஹர். அவருக்குப் பின்னால் ஜீப். ஜீப்பின் பின்னிருக்கையில், பம்ப் எண்ணெய் படிந்த கைகளோடு ஹாதிஃப். அவர் என்னைப் பார்த்தார். பயப்படாதே என்பதுபோலத் தலையை லேசாக அசைத்தார். 

"உள்ள என்ன கூட்டம்?" என்றார் அதிகாரி.

"கல்யாண மெத்தைங்க. கம்பளி அடிக்கிறோம்."

என் தோளுக்கு மேலாக முற்றத்தைப் பார்த்தார். கம்பளி இருந்தது, குச்சிகள் இருந்தன. "ஓ, கல்யாணமா" என்றார். கொஞ்சம் சிரித்தார். "நான் பஸ்ராக்காரன்தான், தங்கச்சி. எங்க ஊர்லயும் சஃபர் மாசத்துல யாரும் கல்யாணம் வைக்கிறதில்ல."

எத்தனை வருடமாக அந்தச் சாக்கைத் தயாராக வைத்திருந்தோம். மாதத்தை எங்களில் ஒருத்தியும் நினைத்துப் பார்க்கவில்லை. துக்க மாதத்தில் வாராவாரம் கல்யாண மெத்தை தைத்த ஊர் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

"பொண்ணோட உம்மாவைக் கூப்பிடறேன்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். வாசலில் நடந்த பேச்சு அறைக்குள் முழுதும் கேட்டிருந்தது. ஹாதிஃப் ஜீப்பில் இருப்பதை மட்டும் நான் சொன்னேன்.

"நான் போறேன்" என்றார் முல்லாயா. "ஓதுனது நான்தானே."

"நீங்க போனா அவங்களுக்கு வேண்டியது கிடைச்சுடும். நீங்களும் போவீங்க, ஹாதிஃபும் போவார்." சொன்னது ஃபிராஸ் உம்மா. திண்டிலிருந்து எழுந்து என் முன்னால் வந்து நின்றார். "நஈமா, உன் முக்காட்டைக் கொடு."

எனக்கு உடனே புரிந்தது. மகன் இறந்த வீட்டில் பெண்கள் கூடி அழுவதை எந்த அரசாங்கமும் தடுக்கவில்லை. போர் நடக்கிற நாட்டில் தெருவுக்கு ஒரு வீட்டில் பாத்திஹா நடந்துகொண்டுதான் இருந்தது.

"வேணாங்கக்கா" என்றேன். "வேற வழி ஏதாச்சும்..."

"வழி இருந்தா சொல்லு." காத்திருந்தார். "அப்ப கொடு. ஹாதிஃப் ஜீப்புல இருக்கார்."

என் கறுப்பு முக்காட்டை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, அபாயாவை நெற்றிவரை இழுத்துக்கொண்டேன். அவர் நீலத்தை அவிழ்த்து மடித்து என் கையில் வைத்தார். கறுப்பைத் தலையில் போட்டார். விரல்கள் முடிச்சைப் போட மறுத்தன. ஒருமுறை, இருமுறை நழுவியது.

அப்போது ஸப்ரிய்யா முன்னால் வந்தாள். கையெல்லாம் கம்பளித் துணுக்கு. எதுவும் பேசாமல் ஃபிராஸ் உம்மாவின் மோவாய்க்குக் கீழே முடிச்சைக் கட்டி, காதோரம் வெளியே வந்திருந்த நரைமுடியை உள்ளே தள்ளினாள். அவள் கண்ணீர் அந்தக் கறுப்பின்மேல் விழுந்தது. நீலத்தின் காரணம் அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கதவைத் திறந்துகொண்டு ஃபிராஸ் உம்மா வாசற்படியில் நின்றார். நான் பின்னால் நின்றேன்.

"கல்யாணம் இல்ல" என்றார் அதிகாரியிடம். "என் மகனுக்குப் பாத்திஹா ஓதுறோம்."

"யாரும்மா நீங்க?"

"இவர் சம்சாரம்." கணவரைக் காட்டினார். "மெத்தைன்னு சொல்லச் சொன்னது நான்தான். இவருக்குத் தெரியக்கூடாதுன்னு. மகன் வருவான் வருவான்னு இன்னும் காத்துக்கிட்டு இருக்கார். வீட்டுல அழுதா தாங்கமாட்டார். அதனாலதான் இங்க வந்து அழுறேன். இந்த வீட்டுக்காரங்க பாவம், எனக்கு இடம் கொடுத்தாங்க. வேற ஒரு தப்பும் பண்ணல."

குரல் உயரவில்லை. ரொட்டி சுட்டுக்கொண்டு பேசுவதுபோலத்தான் பேசினார்.  

மிஸ்ஹர் தலையை நிமிர்த்தினார். மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைப் பார்த்தார். அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே நாற்பதாம் நாள் மஜ்லிஸ் நடந்தது என்று அவருக்குத் தெரியும். எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு அது எப்படித் தெரியாமல் இருக்கும். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"எப்போ?" என்றார் மனைவியிடம். அவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"இன்னிக்கு" என்றார் அவர்.

மிஸ்ஹர் அதிகாரியின் பக்கம் திரும்பினார். "ஆமா. என் மகனோட பாத்திஹாதான். ஃபிராஸ்னு பேரு." அந்தப் பெயரைச் சொன்னதும் அவர் வாய் கோணியது. 

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். அவர் நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கும் பிள்ளைகள் இருந்திருக்கலாம். "அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையைத் தரட்டும்" என்றார். ஜீப்பைப் பார்த்துக் கையை அசைத்தார். ஹாதிஃப் இறங்கினார்.

துக்க வீட்டில் சர்க்கரை போடாத கசப்புக் காப்பிதான் கொடுப்போம். என் அடுப்பில் பட்டை போட்ட இனிப்புத் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் மணம் வாசல்வரை வருமே என்று நான் பதறித் திரும்பினேன். ஸப்ரிய்யா அதற்குள் கொல்லைப்புறமாக ஓடி, தன் வீட்டிலிருந்து காப்பிப் பாத்திரத்தைக் கொண்டுவந்துவிட்டாள். ஹாதிஃப் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, தன்னைப் பிடித்து வந்தவருக்கு அதை ஊற்றிக் கொடுத்தார். அதிகாரி நின்றபடியே குடித்துவிட்டுப் போனார். மிஸ்ஹர் போகவில்லை. எங்கள் வீட்டு வாசலில், தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கோப்பையைக் கையில் வைத்தபடி குந்தியிருந்தார். ஹாதிஃப் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். 

உள்ளே ஃபிராஸ் உம்மா திண்டுவரை நடந்து போனார். உட்காரவில்லை, விழுந்தார். முல்லாயா அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஃபிராஸ் என்று ஒருமுறை கூப்பிட்டார். அவ்வளவுதான். ஃபிராஸ் உம்மாவுக்கு அழுகை வந்தது. அன்று முற்றத்தில் யாரும் கம்பளி அடிக்கவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு வாய்விட்டு, தெருவுக்கே கேட்கும்படி அழுதோம். ஃபிராஸுக்காகவும் நாயகிக்காகவும் அழுதோம். எந்தக் கண்ணீர் யாருக்கு என்று பிரித்துப் பார்க்க எங்களால் முடியவில்லை.

மறுநாள் மிஸ்ஹர் வீட்டுச் சுவரில் மகனின் பெயர் எழுதிய கறுப்புத் துணி தொங்கியது. அந்த வீட்டு அறையில் பாத்திஹா தொடங்கியது. தொடங்கிய பாத்திஹா நிற்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை மகனுக்காக ஓதுகிறோம் என்று ஃபிராஸ் உம்மா சொல்லிவிட்டார். கட்சிக்காரர் வீட்டுக்கு யார் சோதனைக்கு வருவார்கள். முதலில் ஃபிராஸுக்குப் பாத்திஹா ஓதுவோம். பிறகு முல்லாயா கர்பலாக் கதைக்குப் போய்விடுவார். மிஸ்ஹர் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டார். ஆனால் காப்பிக்கொட்டை தீர்ந்ததே இல்லை.

"இவ்வளவு நீள பாத்திஹாவை ஆதம் நபி காலத்துலேருந்து யாரும் ஓதியிருக்கமாட்டாங்க" என்பாள் ஸப்ரிய்யா. சொல்லிவிட்டு ஃபிராஸ் உம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். அவர் சிரித்தால்தான் அவளுக்கு நிம்மதி.

நீல முக்காடு என்னிடமே இருந்தது. கொடுக்கப் போனபோது, "நீயே வச்சிரு. நான் கேட்கும்போது கொடு" என்றார். கேட்கவே இல்லை.

போர் ஓய்ந்து, வெகுகாலம் கழித்துக் கைதிகளை மாற்றிக்கொண்டார்கள். பஸ்ஸில் வருகிறார்கள் என்று செய்தி வந்ததும் ஊரே பாலத்தடிக்கு ஓடியது. அன்று காலைதான் ஃபிராஸ் உம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்று, "அதைக் கொடு" என்றார். கையில் பெரிய கூடை. நிறைய ரொட்டி, புதினாவும் வெங்காயத்தாளும் சுற்றி வைத்தது. நேர்ச்சை நிறைவேறினால் பங்கிடும் ரொட்டி. இன்னும் நிறைவேறவில்லை, ஆனாலும் சுட்டிருந்தார். நீலத்தை மடித்து ரொட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டார். கறுப்பு தலையிலேயே இருந்தது.

பஸ்கள் வந்தன. இறங்கியவர்களைப் பெற்றவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. தாடியும் எலும்புமாக இருந்தார்கள். ஃபிராஸ் உம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒவ்வொரு கையிலும் ஒரு ரொட்டி வைத்தார். கடைசிப் பஸ்ஸின் கடைசி ஆளுக்கும் வைத்தார். பிறகு கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சும்மா நின்றார். நான் பக்கத்தில் போனேன். 

கொஞ்சம் தள்ளி, பாலத்துத் தூணை ஒட்டி ஓர் இளம்பெண் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். ஹாதிஃபோடு பம்பில் வேலை பார்த்த ஒருவரின் மருமகள், பெயர் ரஹ்மா. கணவன் இறந்துவிட்டதாகச் சொல்லி, அவளுக்குக் கறுப்புக் கட்டிவிட்டிருந்தார்கள். சற்றுமுன் அந்தக் கணவன் பஸ்ஸிலிருந்து இறங்கியிருந்தான். அவன் தாய் அவனைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவன் கூட்டத்துக்குள் யாரையோ தேடிக்கொண்டிருந்தான்.

"போம்மா, உன்னைத்தான் தேடுறான்" என்றார் ஃபிராஸ் உம்மா.

"எப்படிப் போவேன் சாச்சி?" என்றாள் அவள். "இந்தத் தலையோட? அவர் செத்ததுக்குக் கட்டுனது இது. இதை அவர் கண்ணு பார்க்கலாமா?"

ஃபிராஸ் உம்மா கூடையைக் கீழே வைத்தார். காலிக் கூடையின் அடியிலிருந்து நீலத்தை எடுத்து, ரொட்டித் துணுக்கை உதறினார். தன் அபாயாவை இரண்டு கையாலும் விரித்து, கூட்டத்துக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் திரைபோல நின்றார்.

"அதை அவுத்துட்டு இதைக் கட்டு" என்றார். "சீக்கிரம். பையன் நிக்கத் தெம்பில்லாம நிக்கிறான்."

அவளுக்கும் முடிச்சு விழவில்லை. நான்தான் கட்டிவிட்டேன். வெள்ளைப் பூ வேலை சரியாக நெற்றியில் வந்து உட்கார்ந்தது. அவள் ஓடினாள்.

ஃபிராஸ் உம்மா அபாயாவைத் தழைத்துவிட்டார். அந்தப் பெண் விட்டுப்போன கறுப்பைத் தரையிலிருந்து எடுத்து, தூசி தட்டி, நான்காக மடித்துக் கூடைக்குள் வைத்தார்.

"கண்ணுக்குக் குளிர்ச்சியாத்தான் இருக்கு" என்றார், கூட்டத்துக்குள் போகிற நீலத்தைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பி, "வா, நஈமா. இன்னிக்குப் புதன்கிழமை. முல்லாயா வந்து காத்திருப்பாங்க" என்றார்.